இன்டெல்லில் தேறியது, ஆர்மில் விழுந்தது

இன்று மதியம் மண்டபத்தில், கச்சான் காற்றுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, பைத்தானையும் சி மொழியையும் இணைக்கும் பால நூலகம் ஒன்றை ஆர்ம் செயலி கொண்ட ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் ஓட்டினேன். இன்டெல் மடிக்கணினியில் எல்லாச் சோதனைகளிலும் தேறிய அதே நிரல், இங்கே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (நினைவக அத்துமீறல்) என்று விழுந்தது.

காரணம் இது: தரவின் முடிவைக் குறிக்கும் -1 ஐ, நூலகத்தை எழுதியவர்கள் ஒரு ‘சார்’ (char, சி மொழியின் ஒரு பைட் வகை) மாறியில் வைத்திருந்தார்கள்.

இன்டெல் லினக்ஸில் அது -1 ஆகவே இருக்கும். ஆர்ம் லினக்ஸில் ‘சார்’ குறியற்ற வகை, அதாவது எதிர்ம எண் ஏற்காதது என்பதால் 255 ஆகிவிட, சுழற்சி நிற்க வழியின்றித் தனக்கு உரிமையில்லாத நினைவகத்துக்குள் ஓடுகிறது.

சி மொழித் தரம் இரண்டையுமே அனுமதிக்கிறது என்பதுதான் எரிச்சல்.

ஒரு சார்பை அழைக்கும்போது மதிப்புகளை அனுப்பும் முறையான அழைப்பு மரபும் வேறு: லினக்ஸில் எக்ஸ்86-64 (என் இன்டெல் மடிக்கணினியின் வகை) முதல் 6 முழு எண்களைச் செயலிக்குள் இருக்கும் பதிவகங்களில் அனுப்பும், 64 பிட் ஆர்ம் 8 வரை அனுப்பும். ஆகவே இரண்டிலும் பதிவகங்களைத் தாண்டும்படி 9 முழு எண் மதிப்புகள் கொண்ட ஒரு சோதனையாவது இல்லாமல் இந்த நூலகத்தை நம்ப நான் தயாரில்லை.