மலையேறும் யூனோஸ்: பழுதை எங்கே தேடுவது

ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்ற முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றித்தான் இந்தப் பதிவு. 1989இல் வந்த வண்டி. 1.6 லீட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இழுவை. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை உள்ள வளைவுகளில் இதை ஓட்டிய யாருக்கும் வேறு கார் பிடிக்காது, எனக்கும் அப்படித்தான்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் கையில் இருக்கும் வண்டியை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்ற அவசரத்தில், பழுது எது என்று பார்க்காமலே சாமானை மாற்றும் பழக்கம் நன்றாக ஊன்றிவிட்டது. என் அனுபவத்தில் இந்த வண்டியின் முக்கால்வாசித் தொல்லை ஏதோ ஒரு சின்ன ரப்பரில்தான் தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய வேலையில் கை வையுங்கள்.

முதலில் பழுதே இல்லாத ஒரு பழுது. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து நுவரெலியா வருகிறவர்கள், 1934இலிருந்து நடக்கும் மககஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்த உற்சாகத்தில் தங்கள் வண்டியையும் ஒரு மிதி மிதித்துவிட்டு, இழுவை இல்லை, பெட்ரோல் பம்ப் போய்விட்டதா என்று கேட்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். எஞ்சின் சீராகச் சுற்றி, புகை இல்லாமல், பலம் மட்டும் குறைந்திருந்தால் ஒன்றையும் கழற்றாதீர்கள். இறங்கிப் போனால் சரியாகிவிடும்.

விக்கி விக்கி இழுத்தால் கதை வேறு. அது பெரும்பாலும் மூடுபனியிலும் மழையிலும், நான்காவது கியரில் குறைந்த சுற்றில் ஏற்றத்தை மிதிக்கும்போது வரும். இந்த எஞ்சினில் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் இரண்டுதான், ஒன்று 1ஆம் 4ஆம் சிலிண்டர்களுக்கு, மற்றது 2க்கும் 3க்கும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது இன்ஜெக்டர்களின் (பெட்ரோல் தெளிக்கும் பாகங்கள்) மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சுற்று மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஜோடியாக இரண்டு செத்திருந்தால் கொயிலைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் என்றால் ஸ்பார்க் பிளக் அல்லது அதன் வயர். வயரை உருவும்போது அதன் நுனி ஒயிலில் ஊறி உப்பியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் கசிந்து பிளக் குழிக்குள் ஒயில் நிற்கிறது என்று அர்த்தம், வயரை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் புது வயரும் அதே கதிதான். வயரில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க இருட்டின பிறகு பொனட்டைத் திறந்து, ஸ்ப்ரே போத்தலில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும், நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை மட்டும் தூர இருக்கட்டும்.

கிளட்ச் விஷயத்தில்தான் அதிகம் காசு வீணாகிறது. தெரிந்த அண்ணா ஒருவரின் வண்டிக்கு ஹட்டன் டவுன் நெரிசலில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போட்டு விழ மறுத்தது. கொண்டுபோன இடத்தில் "பிளேட் முடிஞ்சிருச்சி, கியர்பொக்ஸ் இறக்கணும்" என்று சொல்லி இறக்கியும்விட்டார்கள். பிளேட் தேய்ந்தால் கியர் விழாமல் போகாது, கிளட்ச் வழுக்கும்: ஏற்றத்தில் மிதிக்கும்போது சுற்று ஏறும், வேகம் ஏறாது. கியர் விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விலகவில்லை, அதாவது முதலில் பார்க்க வேண்டியது ஒயில் அழுத்தத்தை. கிளட்ச் ஒயில் கிண்ணத்தைத் திறந்தால் மட்டம் கீழே, நிறம் கறுப்பு. வண்டிக்கு அடியில் போய் கியர்பொக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (ஒயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் பாகம்) ரப்பர் மூடியை விரலால் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே இருந்து கறுப்பாய் ஒயில் வழியும். அவ்வளவுதான் பழுது. இரண்டு போல்ட், ஒரு பைப், அப்புறம் காற்று எடுக்கும் வேலை. கியர்பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம். கொழும்பின் பழைய சாமான் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பரின் வயது யாருக்கும் தெரியாது, புதிதாகவே வாங்குங்கள். மேலே பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் கூடவே மாற்றுவது நல்லது. புது ஸ்லேவ் போட்டதும் பழைய மாஸ்டர் கசியத் தொடங்குவது அடிக்கடி நடக்கும்.

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ஒயில் சொட்டினாலும் உடனே கிரேங்கின் பின்பக்க ஒயில் சீல் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், கெபினை ஒட்டிய மூலையில் கேம் எங்கிள் சென்சர் (கேம் தண்டின் சுழற்சியை அளப்பது) இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து கல்லாகிவிடும். அங்கே கசியும் ஒயில் கீழே இறங்கி சீல் போனது மாதிரியே காட்டும், வழியில் இருக்கும் ஹீட்டர் ஹோஸையும் உப்ப வைக்கும். டோர்ச் அடித்து அந்த மூலையை விரலால் தடவிப் பாருங்கள். கழற்றும் முன் சென்சர் நிற்கும் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பற்றவைப்பு நேரம் அதில்தான் இருக்கிறது. மாட்டிய பிறகு டயக்னோஸிஸ் (பழுது அறியும்) பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு டைமிங் லைட்டால் 10 டிகிரிக்கு வைக்க வேண்டும். அதே இணைப்பு கோளாறுக் குறியீட்டையும் சொல்லும்: சாவியைப் போட்டால் எஞ்சின் விளக்கு மின்னும், நீளமாக மின்னுவது பத்து, குறுகலாக மின்னுவது ஒன்று. 08 என்றால் காற்று அளக்கும் மீட்டர், 09 என்றால் தண்ணீர் வெப்ப சென்சர். டேஷில் அந்த விளக்கு இல்லாத வண்டிக்குத் தனியாக ஒரு சின்ன எல்ஈடி பிடிக்க வேண்டும்.

சூடாவது மலையில் பெரிய பிரச்சினை. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தம் பிடிப்பதால்தான் அது 115 பக்கம் போகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், கொழும்பில் தாக்குப்பிடித்த வண்டி லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் இறம்பொடை ஏறும்போது கொதித்துவிடும். தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப் என்று போவதற்கு முன் மூடியைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்புப் பச்சையாக மாறியிருந்தால் அது வெடிக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்தினால் உள்ளே மாட்டிய காற்று தானாக மேலே வந்துவிடும், இங்கே அதற்கு ஏற்ற சாய்வு எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிறது.

பிரேக் ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். புது டொட் 4 (DOT 4) ஒயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்ததும் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொத்மலைப் பக்கம் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பெடல் பஞ்சாகும்.

கடைசியாக, வாங்கப்போகிறவர்களுக்கு. கூரைக்குப் பின்னால், இருக்கைகளின் பின் மூலைகளில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றன. பைனஸ் ஊசிகள் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டுக்குள் நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும், அதனால் அந்தத் தகட்டின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் கிரேங்க் புலி (pulley), அதாவது கிரேங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிரேங்க் மூக்கு குட்டை, போல்ட் தளர்ந்தால் கிரேங்கில் செருகிய சிறு ஆப்பு (key) ஆடி கிரேங்கையே தின்றுவிடும். புலியில் 4 காடி (வெட்டு) இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் நீளமானது. 4 என்றால் எஞ்சினை ஓடவிட்டு புலி தள்ளாடுகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள், தள்ளாடினால் வேறு எஞ்சின் போடும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.