போர்ட்ஸ்மவுத் 2009-10: கடன் வரிசை

3 அக்டோபர் 2009, சனி

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து: உல்வ்ஸ் 0, போர்ட்ஸ்மவுத் 1. அடித்தது ஹசன் யெப்தா. லீக்கில் தொடர்ந்து ஏழு தோல்விக்குப் பிறகு முதல் வெற்றி. இதே வாரம் வீரர்கள் சிலருக்குச் சம்பளம் நாளுக்கு வந்து சேரவில்லை.

கோடையில் விற்றவர்களைப் பாருங்கள்: கிளென் ஜான்சன், பீட்டர் க்ரௌச், டிஸ்டின், க்ராஞ்சார். அத்தனை பேரை விற்றும் கல்லாவில் காசு இல்லை என்றால் எப்படி? ஜான்சன் கதையில் பாதி விடை இருக்கிறது. அவருக்கு லிவர்பூல் பேசிய விலை சுமார் 17 மில்லியன் பவுண்டு. ஆனால் க்ரௌச்சை லிவர்பூலிடமிருந்து வாங்கியபோது வைத்த பாக்கி அப்படியே நின்றது. அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தார்கள்.

6 அக்டோபர்

ஆகஸ்டில் வந்த சுலைமான் அல் ஃபஹிம் போய் இப்போது அலி அல் ஃபராஜ். பழைய கைதமாக்கையும் சேர்த்தால் மூன்றாவது முதலாளி. சீசன் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

1 நவம்பர்

நேற்று விகனை 4-0. அருணா டின்டேன் மூன்று கோல். சொந்த மைதானம் ஃப்ராட்டன் பார்க்கில் ஒரு மாலையாவது சிரிப்புச் சத்தம்.

புது வீரர்களை வாங்க லீக் தடை போட்டிருக்கிறது. காரணம், பழைய வாங்கல்களின் தவணைப் பாக்கி. ஒரு வீரரின் விலையை எந்த கிளப்பும் ஒரே காசோலையில் கொடுப்பதில்லை. கையெழுத்தின்போது ஒரு பங்கு, மீதி இரண்டு மூன்று வருடத் தவணை. வாங்கியவரை அடுத்த வருடமே விற்றாலும் பழைய தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். போர்ட்ஸ்மவுத் 2008 எஃப்ஏ கோப்பை வென்ற அணியைக் கட்டியது இந்த வழியில்தான். கோப்பை வந்துவிட்டது, தவணை முடியவில்லை.

24 நவம்பர்

மேலாளர் பால் ஹார்ட் நீக்கம். பட்டியலில் கடைசி இடம்.

19 டிசம்பர்

லிவர்பூலை 2-0! புது மேலாளர் அவ்ரம் கிரான்ட் வந்த பிறகு இந்த அணி பந்தைக் காலில் வைத்திருக்கப் பழகியிருக்கிறது.

24 டிசம்பர்

வரித்துறை கிளப்பைக் கலைக்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எழுத்தில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இது எப்படி வந்தது என்பதற்குக் கணக்கு. வாரம் 40,000 பவுண்டு வாங்கும் வீரர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 2009 விகிதப்படி அதில் சுமார் 40 சதவீதம் வருமான வரி, கொஞ்சம் தேசியக் காப்பீட்டுப் பிடித்தம். இரண்டையும் சம்பளத்திலேயே கிளப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு மேல் கிளப் தன் பங்காகக் கட்டவேண்டிய காப்பீடு 12.8 சதவீதம். எல்லாம் சேர்ந்தால் வாரத்துக்கு 21,000க்கு மேல். நான்கு வாரத்தில் ஒரே ஆளுக்கு 85,000 பவுண்டு வரித்துறைக்குப் போகவேண்டும். கெடு அடுத்த மாதம் 19ஆம் தேதி, மின்வழிக் கட்டணம் என்றால் 22. சம்பள நாளுக்கும் அந்தக் கெடுவுக்கும் நடுவில் மூன்று வாரம் அந்தப் பணம் கிளப்பின் கணக்கில் சும்மா கிடக்கும்.

அங்கேதான் சறுக்கல். ஒரு மாதம் அந்தப் பணத்தை எடுத்து ஒரு தவணையை அடைக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டு மாத வரி நிற்கும். வங்கி கடன் தர மறுத்த பிறகு, வட்டி விசாரிக்காமல், ஈடு கேட்காமல் கடன் தருவது வரித்துறை ஒன்றுதான்; அதுவும் தனக்கே தெரியாமல். சீசன் டிக்கெட்டில் வசூலித்த வாட் வரியும் இதே கதை. வீரரிடம் பிடித்தது, ரசிகரிடம் வாங்கியது, எதுவும் கிளப்பின் காசு கிடையாது. நம்மூரில் டிடிஎஸ் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளியை எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் இதையும் பேசவேண்டும்.

மனு வந்ததும் அடுத்த ஆபத்து வங்கி. மனு லண்டன் கெஜட் என்ற அரசிதழில் விளம்பரமாக வரும். வங்கிகள் அதைத் தினமும் பார்க்கும். கலைப்பு உத்தரவு பிறந்தால், மனுப் போட்ட நாள் முதல் கிளப் கொடுத்த பணம் எதுவும் நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் செல்லாது. 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டம், பிரிவு 127. அந்தப் பயத்தில் வங்கி கணக்கை முடக்கிவிடும். பணம் இருந்தாலும் சம்பளம் போட முடியாது.

1 பிப்ரவரி 2010

யூனஸ் கபூல் டாட்டன்ஹாமுக்கு. பெகோவிச் ஸ்டோக்குக்கு. எதிர்கால கோல்கீப்பரை விற்று இந்த மாதச் சம்பளம்.

தொலைக்காட்சிப் பணத்தில் சுமார் 7 மில்லியனை லீக் கிளப்பிடம் கொடுக்கவே இல்லை. பாக்கி நிற்கும் மற்ற கிளப்புகளுக்கு நேராக அனுப்பிவிட்டது. விதி அப்படி. பில் கட்டாததால் கிளப்பின் இணையதளம்கூட முடங்கியது. இணையதள பில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

4 பிப்ரவரி

நான்காவது முதலாளி, பல்ராம் சன்ராய். கடன் கொடுத்தவர், கடன் திரும்பாததால் கிளப்பை எடுத்துக்கொண்டார். இவரிடம் ஈட்டுப் பத்திரம் இருக்கிறது. வரிசையில் முன்னால் நிற்பவர் இவர். பின்னால் இதுதான் பேச்சாக இருக்கும்.

10 பிப்ரவரி

நேற்று சண்டர்லேண்டோடு 1-1, ஆட்டம் முடியும் தறுவாயில் டின்டேன். இன்று கலைப்பு மனு நீதிமன்றத்தில். நிதி நிலையை எழுதிக் கொடுக்க ஏழு நாள்.

13 பிப்ரவரி

சவுத்தாம்ப்டனில் போய் 4-1! எதிரி ஊர், எஃப்ஏ கோப்பை ஐந்தாம் சுற்று. அந்தக் கிளப்பும் போன வருடம் திவாலாகி, மூன்றாம் அடுக்கில் இந்த சீசனை மைனஸ் 10 புள்ளியில் தொடங்கியதுதான். சிரிப்பதற்குமுன் யோசிக்கவேண்டும். ஆனாலும் 4-1.

26 பிப்ரவரி

கிளப், திவாலான கம்பெனியை எடுத்து நடத்தும் நிர்வாகியிடம் போய்விட்டது. பிரீமியர் லீக் கிளப் ஒன்றுக்கு இது நடப்பது முதல் தடவை.

டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்கும் காலம்) மூடிய பிறகும் வீரர்களை விற்க விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். லீக் மறுத்தது. சரியான மறுப்பு. ஒரு கிளப்புக்குத் திறந்தால் பட்டியலில் கீழே இருக்கும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

கலைப்பு மனு நிலுவையில் இருக்கும்போது இயக்குநர்கள் தாங்களாக நிர்வாகியை நியமிக்க முடியாது. மொத்தச் சொத்தின் மீதும் ஈடு வைத்திருக்கும் கடன்கொடுத்தவர் நியமிக்கலாம். அதனால்தான் சன்ராய் தரப்பு நியமித்தது. ஆண்ட்ரூ ஆண்ட்ரோனிகூ இனி கல்லாவைப் பார்ப்பார். நியமனம் செல்லுமா என்று வரித்துறை கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

இனி வரிசை. முதலில் ஈடு வைத்த சொத்து, அதை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு. அடுத்து நிர்வாகியின் செலவும் கட்டணமும். பிறகு ஊழியர் சம்பளப் பாக்கி, தலைக்கு 800 பவுண்டு வரை. அதன்பின் மிதக்கும் ஈடு, அதாவது சரக்கு, வரவு என்று மாறிக்கொண்டே இருக்கும் சொத்தின் மீதான ஈடு. கடைசியில் மற்ற எல்லோரும். 2003 வரை வரித்துறைக்கு முன்வரிசை இருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். இந்த 2010இல் அவர்களும் கடைசிக் கூட்டத்தில்.

இது நாட்டுச் சட்டம். கால்பந்து தனியாக இன்னொரு விதி வைத்திருக்கிறது. வீரர் பாக்கியும் மற்ற கிளப் பாக்கியும் முழுதாகத் தீர்ந்தால்தான் லீக்கில் இடம். அதாவது செல்சிக்கு முழுப்பணம், தையல்காரருக்குப் பைசாக் கணக்கு.

27 பிப்ரவரி

பர்ன்லியில் 2-1. எங்கிருந்து வருகிறது இந்தத் தெம்பு!

10 மார்ச்

85 பேருக்கு வேலை போனது. வீரர் ஒருவரும் அதில் இல்லை. வீரரை நீக்கினால் மீதி ஒப்பந்தக் காலம் முழுவதும் கால்பந்துக் கடனாகும். விற்றால் வரவேண்டிய விலையும் போகும். அலுவலகத்தில் ஃபோன் எடுப்பவரை நீக்கினால் லீக் கேட்காது. எரிச்சலாக இருக்கிறது, வேறொன்றும் எழுத வரவில்லை.

17 மார்ச்

ஒன்பது புள்ளி வெட்டு. 19 இருந்தது 10 ஆகியது. 2010 விதிப்படி கீழ் அடுக்குகளில் என்றால் பத்து வெட்டுவார்கள். ஒன்று குறைவு என்று சந்தோஷப்படவா?

20 மார்ச்

ஹல் 2-1 என்று முன்னிலை. 88ஆம் நிமிடம் ஜேமி ஓஹாரா. 89ஆம் நிமிடம் கானு. 3-2. கானு!! 2008 கோப்பையை வென்று தந்த அதே கால். பத்தாக இருந்த புள்ளி இப்போது பதின்மூன்று.

11 ஏப்ரல்

நேற்று வெஸ்ட் ஹாம் சண்டர்லேண்டை வென்றதும் போர்ட்ஸ்மவுத் அதிகாரபூர்வமாகக் கீழ் லீக்குக்கு இறங்கிவிட்டது, தான் ஆடாமலேயே. இன்று வெம்ப்ளியில் அரையிறுதி, டாட்டன்ஹாமை 2-0. கூடுதல் நேரத்தில் பிக்கியோன், பிறகு பெனால்டியில் போட்டெங். ஓஹாரா டாட்டன்ஹாமிலிருந்து லோனில், அதாவது இரவலாக வந்த ஆள், சொந்த கிளப்புக்கு எதிராக இறங்க முடியாது. அவர் இல்லாமலே.

22 ஏப்ரல்

கடன் பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் 120 மில்லியனை ஒட்டி. வரித்துறைக்கு மட்டும் 17 மில்லியன். பெரிய எண்களைத் தாண்டிக் கீழே வந்தால் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்: இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு. போட்டி நாளில் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்கி ஓடும் தொண்டர்கள். டின்டேனின் ஒரு நாள் சம்பளம்கூடத் தேறாத தொகையாக இருக்கும். அவர்கள் கடைசி வரிசை. வீரர்களின் ஏஜென்டுகள் மில்லியன் கணக்கில் கேட்கிறார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம்.

13 மே

டின்டேன் விவகாரம். லோன் ஒப்பந்தத்தில் ஒரு வரி: குறிப்பிட்ட ஆட்டங்களை எட்டினால் அவரை வாங்கியே ஆகவேண்டும், லென்ஸ் கிளப்புக்கு 4 மில்லியன். திவாலான கிளப்புக்கு எங்கிருந்து வரும்? இறுதியாட்டத்துக்கு மட்டும் லென்ஸ் விட்டுக்கொடுத்திருக்கிறது. லோன் ஒப்பந்தம் எழுதும்போது எல்லோரும் வாரச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டாயக் கொள்முதல் வரிதான் மார்ச்சுக்குப் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

15 மே

எஃப்ஏ கோப்பை இறுதி: செல்சி 1, போர்ட்ஸ்மவுத் 0. முதல் பாதியில் மட்டும் செல்சி ஐந்து முறை கம்பத்தில் அடித்தது. இரண்டாம் பாதியில் போட்டெங்குக்குப் பெனால்டி. செல்சி கோல்கீப்பர் செக் காலால் தடுத்தார். சில நிமிடத்திலேயே ட்ரோக்பாவின் ஃப்ரீ கிக், கம்பத்தில் பட்டு உள்ளே. பிறகு லாம்பார்டும் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார், அதனால் யாருக்கு என்ன லாபம்.

செல்சி சாம்பியன்ஸ் லீக்கில் இருப்பதால் தோற்றவருக்கு யூரோப்பா லீக் இடம் வரவேண்டும். ஐரோப்பியப் போட்டிக்கான உரிமம் இல்லை. காலக்கெடுவுக்குள் கணக்குக் கொடுக்க முடியவில்லை. ஏழாமிடத்து லிவர்பூலுக்குப் போகிறது. க்ரௌச் தவணையைக் கழித்துக்கொண்ட அதே லிவர்பூல்!

17 ஜூன்

கடன்கொடுத்தவர்கள் கூட்டம். ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ் என்ற சமரசம் தேறிவிட்டது. தேற, ஓட்டுப் போட்டவர்களின் கடன் தொகையில் 75 சதவீதம் ஆதரவு வேண்டும். யாரிடம் கால் பங்குக்கு மேல் இருக்கிறதோ அவர் தனியாகவே தடுக்கலாம். அதனால் சண்டை முழுவதும் வரித்துறையின் தொகை எவ்வளவு என்பதில். ஏப்ரல் பட்டியலில் 17 மில்லியன்; இப்போது அவர்கள் சொல்வது 37 மில்லியன். நிர்வாகி ஓட்டுக்கு ஏற்றுக்கொண்டது 24. நடுவில் இருக்கும் 13, வீரர்களின் பட உரிமைக் (விளம்பரத்தில் அவர்கள் படத்தையும் பெயரையும் பயன்படுத்தும் உரிமை) கம்பெனிகளுக்குக் கொடுத்த பணத்தின் மீதான வரி. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பட உரிமை என்று வேறு கணக்கில் போட்டால் பிடித்தம் கிடையாது. அது உண்மையில் சம்பளம்தான் என்கிறது வரித்துறை. 37ஐ ஏற்றிருந்தால் இன்றே தோற்றிருக்கும்.

ஆம்புலன்ஸ் தொண்டர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் தவணையில். அவ்ரம் கிரான்ட் வெஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் கீழ் லீக் தொடங்குகிறது, தடை இன்னும் நிற்கிறது. வரித்துறைக்கு நீதிமன்றம் போக 28 நாள். போகும் என்றுதான் தோன்றுகிறது. 13 மில்லியனை இப்படி ஒரே நாளில் யார் விடுவார்கள்?