சீனிக் கணக்கு: என் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

எடை 74.2 கிலோ. உயரம் 155 செ.மீ. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 5.9 சதவீதம். அது 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். “அஞ்சு கிலோ கொறைங்கம்மா, இதுவும் எறங்கும்” என்றார் டாக்டரம்மா.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. செருப்புக் கடித்த புண் ஆறாமல் கடைசியில் கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே உட்கார்ந்திருக்காமல், ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி வயிற்றுக்குள் போகிறது என்று எழுதிப் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

முதலில் அளவு தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது இது: ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில், நாமாகச் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. தேன், பாகு, பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழமும் பாலும் வராது.

2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம். நான் எடை குறைய 1500 கலோரியில் நிற்கப் பார்க்கிறேன். ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி. அப்படியானால் எனக்கு உச்சவரம்பே 37 கிராம்தான். 5 சதவீதம் என்றால் 19 கிராமுக்குள். சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க சீனிக்கான இடமும் சுருங்குகிறது. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுப்படித் தராசை எடுத்து எங்கள் வீட்டுக் கரண்டியை நிறுத்துப் பார்த்தேன். புத்தகங்களில் ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று போட்டிருக்கும். அது தலை தட்டிய கரண்டி. நாங்கள் போடுவது கூம்பாக. 7 கிராம் காட்டியது. காலைக் காப்பிக்கு இரண்டு, சாயங்காலக் காப்பிக்கு இரண்டு. 28 கிராம் அங்கேயே முடிந்தது.

ஜூன் 5, வியாழன்

ஆபீசில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. பிளாஸ்க்கில் கலந்தே வரும், அதில் எவ்வளவு சீனி என்று யாருக்கும் தெரியாது. இன்று நானே முருகன்குறிச்சிப் பக்கம் இருக்கும் அந்தக் கடைக்குப் போய் நின்று பார்த்தேன். மாஸ்டர் கண்ணாடி கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் முதலில் சீனியைப் போட்டுவிடுகிறார். டிகாஷன், பால், ஆற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கிளாஸில் சீனி விழுந்த பிறகு “சீனி கம்மி” என்று சொல்லிப் பிரயோசனமில்லை. கடை வாசலில் கால் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

“அண்ணே, எனக்கு சீனி இல்லாம.”

“ஏக்கா, சுகர் வந்துட்டா?”

“வரக் கூடாதுன்னுதான்ணே.”

அவர் சிரிக்கவில்லை. தன் சம்சாரத்துக்கும் போன வருசம் வந்துவிட்டது என்றார். அவர் ஒரு கிளாஸுக்குப் போடும் அளவு என் கண்ணுக்குப் பத்து கிராம் இருக்கும். இரண்டு டீக்கு இருபது. வீட்டுக் காப்பியோடு சேர்த்தால் 48. ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய் இல்லாமலேயே என் வரம்பு தாண்டிவிட்டது.

நெல்லைக்காரர்கள் என்றால் எல்லோரும் அல்வாவைச் சொல்வார்கள். நான் அல்வா சாப்பிடுவது வருசத்தில் எண்ணிச் சொல்லும்படிதான். ஆளைக் கவிழ்ப்பது தினம் குடிக்கிற காப்பியும் டீயும்.

ஜூன் 9, திங்கள்

மகள் பாலில் கலந்து குடிக்கும் மாவு டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனியாக அச்சடித்திருக்கிறார்கள். மாவின் எடையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. இந்த மாதிரிப் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் இன்னொரு சங்கதி: கொட்டை எழுத்தில் போடும் கணக்கு 100 கிராமுக்கு. நாம் தின்பதோ பாக்கெட் கணக்கில். பெருக்கிப் பார்க்க யாருக்கு நேரம்?

டப்பா தீர்ந்தால் இனி வாங்கப் போவதில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஜூன் 14, சனி

73.5.

ஜூன் 15, ஞாயிறு

இன்று 74.1. ஒரே நாளில் 600 கிராம் கொழுப்பு ஏறாது, நேற்று ராத்திரி சாப்பிட்ட ஊறுகாயும் அப்பளமும் உடம்பில் பிடித்து வைத்த தண்ணீர் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசுக்குத் தெரியவில்லை. இனி வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஏறி நிற்பது என்று தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இவர் என் கஷ்டத்தைப் பார்த்து, சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரை டப்பி வாங்கி வந்திருக்கிறார். பாசத்தோடு வாங்கியது, வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் எடை குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்திருக்கிறது. நீண்ட காலத்தில் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது காரணம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாக்கு இனிப்பை எதிர்பார்ப்பது குறைய வேண்டும். மாத்திரை போட்டால் அது குறையாது.

ஜூன் 22, ஞாயிறு

திசையன்விளை, அம்மா வீடு. காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. போனவுடனே கருப்பட்டிக் காப்பி.

“வேண்டாம்மா, இனிப்பு கொறைக்கேன்.”

“ஏட்டி, சீனிதான் ஆகாது. கருப்பட்டி ஒண்ணுஞ் செய்யாது. ஒங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தான் குடிச்சாவ.”

“தாத்தா விடிஞ்சதுலேர்ந்து தோட்டத்துல கெடந்தாவளே. நான் நாற்காலியில உக்காந்துல்லாம்மா இருக்கேன்?”

அம்மாவுக்குக் கோபம். எனக்கும் வருத்தம்தான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே பரிசு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டவள் நான். அதன் மணம் சீனிக்கு வருமா? அதில் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். கிராமுக்குக் கலோரியும் கிட்டத்தட்ட அதேதான். சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதநீர் வந்தது, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது. ஏறக்குறைய பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி நிற்கும். அப்படியானால் ஒரு பெரிய செம்பு பதநீரில் முப்பது கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். அரை டம்ளர் வாங்கி, ஒவ்வொரு வாயாக நிறுத்திக் குடித்தேன். நுங்கை மட்டும் யோசிக்காமல் சாப்பிட்டேன்.

“கருப்பட்டி நல்லது” என்று சொல்லிச் சொல்லியே அப்பாவுக்கு அம்மா அதைக் கொடுத்துவந்தாள். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஜூன் 28, சனி

73.1. சீனிக் கணக்கு இப்போது நாளுக்கு 12 கிராம். காலைக் காப்பிக்குத் தலை தட்டி ஒரு கரண்டி, சாயங்காலம் இரண்டு. டீ முழுக்கச் சீனி இல்லாமல்.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். 48 கிராமிலிருந்து 12-க்கு வந்தால் மிச்சம் 36 கிராம், அதாவது 144 கலோரி. உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். சீனியை மட்டும் நம்பினால் ஒரு கிலோவுக்கு ஐம்பது நாளைத் தாண்டும். என் எடை அதைவிட வேகமாக இறங்குவதற்குக் காரணம் ராத்திரி நாலு தோசை இரண்டானதும், வ.உ.சி. மைதானத்தில் காலை நடையும். அந்த நாலு தோசைக்குத் தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சீனியை விட்டேன், எடை குறையவில்லை என்று ஆபீசில் ஒரு தங்கச்சி அழாத குறையாகச் சொன்னாள். அவளுக்கு இந்தக் கணக்கைத் துண்டுத்தாளில் போட்டுக் கொடுத்தேன். சீனியை விட்டது வீணில்லை, அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

பழத்தைப் பற்றியும் கேட்டாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதிலிருந்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் இங்கே வண்டிகளில் வந்து நிற்கின்றன. பழமாக மென்று சாப்பிடு, ஜூஸாக்காதே என்றேன். மாம்பழம் மட்டும் ஒரு நேரத்துக்குப் பாதி.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். டவுணில் அத்தை வீடு. ரத வீதியில் தலை தலையாக ஜனம். வடம் பிடித்துவிட்டு வந்த எல்லோருக்கும் அத்தை சுடச்சுட அல்வா வைத்தார்கள், வாழை இலைத் துண்டில். நெய் இலை நரம்பு வழியாக ஓடி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கோதுமைப் பால் எடுத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு சீனி போட்டுக் கிண்டியதாம். ஒரு ஐம்பது கிராம் துண்டில் பாதி சீனி என்று வைத்துக்கொண்டு 25 கிராம் எழுதினேன். நெய்க்குக் கலோரி தனி. இன்று வேறு எதிலும் இனிப்பில்லை, இரண்டு காப்பியும் வெறும் காப்பி. அல்வாவை நல்லா ரசித்துச் சாப்பிட்டேன். இரண்டாவது துண்டு வந்தபோது “போதும் அத்தை” என்றதற்கு அவர்கள் வற்புறுத்தவில்லை. அவர்களும் இன்சுலின் போடுகிறவர்கள்.

ஜூலை 12, சனி

72.4. டாக்டரம்மா சொன்னதில் இன்னும் மூன்று கிலோவுக்கு மேல் பாக்கி. ஹெச்பிஏ1சி மறுபடி செப்டம்பரில் எடுக்க வேண்டும். அது மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன்னால் எடுத்து அர்த்தமில்லை.

அம்மா ராத்திரி போன் போட்டாள். பாதம் ரெண்டும் எரியுதுட்டி என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், காலைக் காப்பி அதற்குப் பிறகுதான் என்று இப்போதே சொல்லிவிட்டேன். சரிட்டி, வாரேன் என்றாள்.