கேட்கக் கூச்சப்படாத வயது

பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். என் ஆறு வயது மகளிடமிருந்து நான் கற்றுவருவது ஒன்றுதான்: தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்பதும், அவர் சொல்லி முடிக்கும்வரை காது கொடுப்பதும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதன்று. கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் சிறு வயதிலேயே ஊறிவிடுவதால், கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற கூச்சமும் உடன் வளர்ந்துவிடுகிறது.

ஆனி மாதத்தில் தனுஷ்கோடிக்குப் போயிருந்தோம். சாலையின் ஒருபுறம் மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருக்க, மறுபுறம் பாக் விரிகுடா அலையின்றிக் கிடப்பதைப் பார்த்து, "இந்தக் கடல் மட்டும் ஏம்ப்பா சும்மா கெடக்கு?" என்றாள். பாக் விரிகுடா பெண் கடல், மன்னார் வளைகுடா ஆண் கடல் என்று எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்லும் விடையைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை.

மறுநாள் காலை, பாம்பனில் எங்கள் தெருக்கோடியில் வலையின் கிழிந்த கண்ணிகளை முடியும் பெரியவருக்கு எதிரே போய்க் குந்திக்கொண்டாள். கேள்வியைக் கேட்டதும் அவர் வாய் திறக்கவில்லை. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை நுழைத்து, முடிச்சை இறுக்கி, மீதி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அவ்வளவு நேரமும் அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியைப் பெரியவர்கள் பொறுக்கமாட்டோம். வேறு ஏதாவது பேசி நிரப்பிவிடுவோம்.

"இப்ப தெக்கேருந்து காத்து அடிக்கிது தாயி, அதான் தென்கடல் கொதிக்கிது. வடகடலுக்குத் தீவு மறைப்பா நிக்கிது. கார்த்திகையில வாடை திரும்பட்டும், அப்ப வந்து வடகடலைப் பாரு."

"அப்ப போட்டெல்லாம் என்ன செய்யும்?"

"தென்கடலுக்குக் கொண்டுபோயிருவோம்."

பிறகு நானும் தேடிப் படித்தேன். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை என்பதும், தெற்கே மன்னார் வளைகுடா இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து ஆழ்ந்து செல்கிறது என்பதும் அவர் சொன்னதோடு அப்படியே பொருந்தின. ஆண்டுதோறும் கண்ணெதிரே நடக்கும் இந்தக் காற்று மாற்றத்தை ஒரு குழந்தையின் கேள்வி வழியாகத்தான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

அவளுக்கு ஆள் வேறுபாடு கிடையாது. கடற்பாசி எடுக்கப் போகும் அக்காமார் விரல்களில் துணி சுற்றியிருப்பது ஏன் என்று அவர்களிடமே கேட்டாள். பாறை விரலைக் கிழித்துவிடும் என்று ஒருவர் சொன்னதோடு நில்லாமல், துணியை அவிழ்த்துத் தழும்புகளையும் காட்டினார். அந்தத் தழும்புகளைப் பார்த்த பிறகு, பாசி விலையைப் பற்றி யார் பேசினாலும் என்னால் அசட்டையாகக் கேட்க முடிவதில்லை.

இப்போது ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றிய கேள்விகள் நடக்கின்றன. கடற்புல் மேயும் அந்தப் பிராணிக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது என்றேன். அதன் குட்டி தண்ணீருக்குள் எப்படிப் பால் குடிக்கும் என்று கேட்கிறாள். வரும் ஞாயிறன்று, மூக்கையூரில் முன்பு சங்கு குளித்துவந்த என் மாமாவிடம் இருவருமாகப் போய்க் கேட்கவிருக்கிறோம்.