மஸ்டர் ஏட்டில் ஒரு கவுண்டி

கென்யாவின் கிசுமு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு சர்க்கரை ஆலைக்கு ஷிப்ட் கெமிஸ்டாகப் போய்ச் சேர்ந்த அன்று, என் கைக்கு முதலில் வந்தது இரவு ஷிப்டின் மஸ்டர் ஏடு, அதாவது வருகைப் பதிவேடு. ஒரே பக்கத்தில் ஐந்து ஒட்டியேனோ, நான்கு ஒச்சியெங். உறவுக்காரர்கள் என்றே எண்ணினேன். எடைமேடைப் பெரியவர்தான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். லுவோ மக்கள் பிள்ளை பிறந்த வேளையைப் பெயராக வைப்பார்கள். இரவில் பிறந்தவன் ஒட்டியேனோ, பெண் என்றால் அட்டியேனோ. வெயில் ஏறியபின் பிறந்தவன் ஒச்சியெங், பொழுது சாயும்போது ஒதியாம்போ, மழையில் ஒகோத்.

அதன்பிறகு அந்த ஏட்டைத் தினமும் ஆசையாகப் படித்தேன். விக்டோரியா ஏரியை 'நாம் லோல்வே' என்று அழைக்கும் லுவோக்களின் முன்னோர், பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கு சூடான் பக்கமிருந்து ஆடுமாடுகளோடு வந்தவர்கள். ஒர்க்‌ஷாப்பில் இருந்த சிங், ரயிலின் கதையைச் சொல்லும் பெயர். மொம்பாசாவிலிருந்து பாதை போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேரைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். 1901 டிசம்பரில் ரயில் ஏரிக்கரையை எட்டியபோது கிசுமு ஊரின் பெயர் போர்ட் ஃபுளோரன்ஸ். பலர் ஊர் திரும்பினார்கள். தங்கியவர்களில் சிலர் கிபோஸ் பக்கம் நிலம் பெற்றுப் பயிர் செய்தார்கள். சூடான் படைவீரர்களின் வழிவந்த நூபியர்களும் அங்கேதான். 2013இல் கவுண்டிகள் செயல்படத் தொடங்கும்வரை இதெல்லாம் நியான்சா மாகாணம். 2019 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 11,55,574.

'கிப்' என்று தொடங்கும் பெயர்கள் கலெஞ்சின் இன ஆண்களுடையவை. கிழக்கே நந்தி மலைப் பக்கமிருந்து வருவார்கள். கரும்புக் காடும் மலையடிவாரமும் சேரும் அந்த எல்லையில் 1990களின் தொடக்கத்திலும் 2007 தேர்தலுக்குப் பின்னும் இனக்கலவரத்தில் வீடுகள் எரிந்தன, ஆட்கள் இறந்தார்கள். ஆலையில் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

என் ஷிப்டில் ஒகோத்தும் கிப்ரோப்பும் ஒரே மில்லில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கிப்ரோப் என்றாலும் மழையில் பிறந்தவன் என்றுதான் பொருள். இது தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஓர் ஏப்ரல் இரவில் கானோ சமவெளியில் கொட்டித் தீர்த்தது. கரிசல் மண்ணில் டிராக்டர்களின் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட, கரும்பு வரத்து நின்றது; அரவையும் நின்றது. மூவரும் சக்கைக் குவியலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் சுட்ட மக்காச்சோளத்தைப் பங்கிட்டுத் தின்றோம். நிறுத்தத்துக்கான காரணத்தை ஏட்டில் எழுதும்போது ஒகோத் கேட்டான்: "உங்கள் மொழியில் எங்கள் பெயர் என்ன, சார்?"

"மழை" என்றேன்.

ழகரம் இருவருக்கும் வரவில்லை. ஆலைச் சங்கு ஊதும்வரை மாறிமாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.