ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்: பதினொன்று முடிந்தது, ஒன்று பாக்கி

முதல் நாள் அரை மணி நேரம் தப்பாகவே படித்தேன். மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, வலமிருந்து இடமாகப் போகும் என்று தெரியும், பக்கத்தையும் சரியாகத்தான் புரட்டினேன். பக்கத்துக்குள் இருக்கும் கட்டங்களும் அப்படித்தான் என்பது மண்டையில் ஏறவில்லை. பதில் முதலில் வருகிறது, கேள்வி அப்புறம் வருகிறது. பெரிய இலக்கிய உத்தி போல என்று நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த மகள், "அம்மா, வலது பக்கம் மேல் மூலையிலிருந்து ஆரம்பிம்மா" என்றாள்.

புத்தகமும் அவள் கொடுத்ததுதான். நட்சுகி தகயா 1998 முதல் 2006 வரை 'ஹனா டு யுமே' இதழில் தொடராக வரைந்த ஷோஜோ மாங்கா, அதாவது பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்து வரும் வகை. ஜப்பானில் 23 தொகுதிகள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய ஆங்கிலப் பதிப்பு, 12 புத்தகங்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் என்று கணக்கு.

கதை தெரியாதவர்களுக்கு: தோஹ்ரு ஹோண்டா, அம்மாவை விபத்தில் பறிகொடுத்த பள்ளி மாணவி. போக இடமில்லாமல் கூடாரம் அடித்துத் தங்குகிறாள். அது சோமா குடும்பத்தாரின் நிலம். அந்தக் குடும்பத்தில் சிலருக்குச் சீன ராசி விலங்குகளின் சாபம் இருக்கிறது. எதிர்பாலார் யாராவது கட்டிப்பிடித்தால் எலியாகவோ நாயாகவோ முயலாகவோ மாறிவிடுவார்கள். ராசிக் கட்டத்தில் இடம் கிடைக்காத பூனைக்கும் ஒருவன் உண்டு, க்யோ.

முதல் இரண்டு புத்தகம் எனக்கு ஒட்டவில்லை. யார் என்ன சொன்னாலும் தோஹ்ரு மன்னிப்புக் கேட்கிறாள். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எரிச்சலாக வந்தது. சோமா குடும்பத்துப் பெண் ககுரா க்யோவை அடித்து நொறுக்குவதையும், அதே குடும்பத்து ஷிகுரே பள்ளிப் பெண்களைப் பற்றி வழிவதையும் சிரிப்பு என்று வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும்தான்.

மொமிஜியிடம்தான் விழுந்தேன். முயலாக மாறும் துறுதுறு பையன், எப்போதும் மிட்டாயும் கையுமாகத் திரிபவன். பெற்ற பிள்ளை விலங்காக மாறுவதைத் தாங்க முடியாமல் அவன் அம்மா உடைந்துபோகிறாள். அவனைப் பற்றிய நினைவையே அழித்துவிடுகிறார்கள். அழிப்பதற்கு முன் அவள் சொல்வது, அந்த உயிர் தன் உடம்பிலிருந்து வந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே பெரிய வருத்தம் என்று. பையன் காதில் அது விழுகிறது. இப்போது அவள் அவனுக்கு எதிரிலேயே நடந்து போவாள், யாரோ வீட்டுப் பிள்ளை என்று நினைத்துப் பேசுவாள். அவனோ, வலிக்கிற நினைவாக இருந்தாலும் தூக்கிக்கொண்டே இருப்பேன் என்கிறான். அன்று இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகவில்லை.

'மனசுக்கு இதமான கதை' என்று சொல்லித்தான் மகள் கொடுத்தாள். இதமெல்லாம் சரி. ஆனால் இந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் தன் பிள்ளையைத் தொடவே பயப்படுகிறவர்கள்.

தோஹ்ருவோடு எனக்குச் சமாதானம் ஆனது வேறொரு விஷயத்தில். எல்லோரிடமும் அவள் மிக மரியாதையாகப் பேசுவாள். ஆங்கிலத்தில் அது பாதிதான் தெரிகிறது. நான் மனத்துக்குள் அவள் பேச்சையெல்லாம் 'வாங்க, போங்க' என்று மாற்றித்தான் படித்தேன். அவள் வயதுப் பையன்களிடம்கூட 'நீங்க'. பின்னால்தான் தெரிகிறது, அது செத்துப்போன அப்பா பேசும் விதம். அப்பா போன பிறகு அம்மாவும் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்த குழந்தை, அப்பாவின் பேச்சை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. நான் எரிச்சல்பட்ட அத்தனை 'நீங்க'வும் அப்புறம் வேறு மாதிரி கேட்டது. முதல் புத்தகத்தை எடுத்து மறுபடி கொஞ்சம் புரட்டினேன்.

போன ஞாயிறு ஒனிகிரி, அதாவது ஜப்பானியச் சோற்று உருண்டை, செய்து பார்த்தோம். தலைப்பே ஒரு விளையாட்டிலிருந்து வந்ததுதான். ஆளுக்கொரு பழத்தின் பெயர். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து இடம் மாற வேண்டும். சின்ன வயதில் தோஹ்ருவுக்கு மற்றப் பிள்ளைகள் 'ஒனிகிரி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பழக்கூடையில் சோற்று உருண்டையை யார் கூப்பிடுவார்கள்? பிறகு ஒரு இடத்தில் அவளே க்யோவிடம் சொல்கிறாள்: மனிதர்களின் நல்ல குணம் ஒனிகிரியின் முதுகில் ஒட்டிய உமெபோஷி மாதிரி, அடுத்தவருடையது தெரியும், தன்னுடையது தெரியாது. உமெபோஷி என்றால் உப்பில் ஊறிய புளிப்பான ஒருவகைப் பழம்.

புழுங்கலரிசிச் சோறு உருண்டையில் நிற்கவே இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. பச்சரிசியைக் குழைய வடித்து, சூடு ஆறுவதற்குள் உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு அழுத்தியதில் மூன்று தேறியது. முக்கோணம் என்று சொல்ல முடியாது, கொழுக்கட்டைக்குப் பக்கம். உமெபோஷிக்குப் பதில் மாவடுவைக் கிள்ளி வைத்தோம். மகள் வேண்டுமென்றே முதுகுப் பக்கம் ஒட்டினாள். தட்டில் வைத்ததும் அது நழுவி மோருக்குள் விழுந்தது.

23ஐ இரண்டிரண்டாகக் கட்டினால் கடைசியில் ஒன்று மிஞ்சுமே, அந்த ஒல்லிப் புத்தகம் மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மகள் எப்போதோ முடித்துவிட்டாள். நான் எடுக்கிறேனா என்று தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.