பழைய இலையா, புது இலையா?

நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டியில் ஏதாவது வாடினால் உடனே கை உர பாட்டிலுக்குப் போகும். அதற்கு முன் கொஞ்சம் குனிந்து, கெடுவது எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலையா, நுனியில் வரும் தளிரா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செடியால் பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்ப முடியும். எனவே இவை குறைந்தால் அடி இலைதான் முதலில் அடிவாங்கும். இலை முழுக்கச் சீராக மஞ்சளித்தால் நைட்ரஜன் போதவில்லை. குண்டூசியால் குத்தியதுபோல் பொடி ஓட்டைகள் விழுந்து, அவற்றின் ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் பொட்டாசியம் குறைவு. நத்தை கடித்த ஓட்டையில் ஓரம் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். இரும்பு அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் கீழ் இலைகள் நன்றாக இருக்க, தளிர் மட்டும் வெளிறி, நரம்புகள் பச்சையாகத் தெரியும்.

நட்டுச் சில நாள்தான் ஆகிறது என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு மேலே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றுக்காக உருவான இலை தண்ணீருக்குள் நிலைக்காது. கிரிப்டோகோரைன் செடியோ இடம் மாற்றினாலே மொத்தமாகக் கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது இலை விடும். அழுகிய இலைகளை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். விட்டால் அம்மோனியா ஏறும், பாசி பிடிக்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் வாடுவதற்கு வேறு காரணம் உண்டு. படுத்தவாக்கில் ஓடும் அவற்றின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டாலே போதும்.

பாசிக்கு என் முதல் மருந்து டைமர். புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேர வெளிச்சம் தாராளம். ஐந்தாறு வாரத்தில் செடிகள் வேர்பிடித்த பிறகு 8 மணி நேரம் வரை ஏற்றலாம். ஆரம்பத்தில் வரும் பழுப்புப் படலத்தைத் துடைத்துவிட்டால் போதும், நாளடைவில் தானே குறையும்.

முதல் மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, 30 முதல் 40 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி கட்டாயம். ஃபில்டர் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் கழுவினால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குளோரினில் செத்துப்போகும்.

செடிகளுக்காகத் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, அணைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடலாம். நீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கரின் நிறம் ஓரிரு மணி நேரம் தாமதமாகத்தான் மாறும், அதை மட்டும் நம்பாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி, நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி காற்று பம்ப்பைப் போடுங்கள்.

உரத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பொறுங்கள். ஓட்டை விழுந்த இலை மறுபடி மூடாது. அதை நறுக்கிவிட்டு, அடுத்து விரியும் இலைகள் ஓட்டையில்லாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.